எல்லாம் வல்லவரால் கூடாதது உண்டா? – வாசகர் கேள்வி பதில்

கடவுளின் சர்வவல்லமை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். வசனங்கள் பழைய திருப்புதலிலிருந்து எடுக்கப்பட்டவை.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், “கடவுளாலேயே தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா?” என்று கேட்டான். முடியும் என்றாலும் மாட்டிக்கொள்கிறோம், முடியாது என்றாலும் மாட்டிக்கொள்கிறோம். என்ன சொல்வது?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: பையன் கேட்டது நல்ல கேள்வி. “ஆண்டவரைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று உட்கார வைத்துவிட்டால், பதில் இல்லை என்ற முடிவோடு வீட்டுக்குப் போவான்.

சிக்கல் கேள்வியின் சொற்களிலேயே இருக்கிறது. ‘எதையும் தூக்க வல்லவரால் தூக்க முடியாத கல்’ என்று வாயால் சொல்லலாம். ஆனால் அந்தச் சொற்களுக்கு உரிய பொருள் எதுவும் கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாக வைத்தார்: தனக்குத் தானே முரண்படுவது எதுவோ அது வல்லமையின் கணக்கிலேயே வராது. ‘அதைக் கடவுளால் செய்ய முடியாது’ என்பதைவிட ‘அது செய்யப்படக் கூடியதே அல்ல’ என்று சொல்வதே சரி. மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணமாகாத முக்கோணத்தை அவர் உதாரணமாகவே காட்டுகிறார்.

1963இல் ஜார்ஜ் மவ்ரோட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் இதே வழியில் கல் கேள்விக்கு விடை சொன்னார். அடுத்த ஆண்டே ஹாரி ஃபிராங்ஃபர்ட் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். சரி, முரண்பாட்டையும் கடவுளால் செய்ய முடியும் என்றே வைத்துக்கொள்வோம். தூக்க முடியாத கல்லைப் படைப்பது ஒரு முரண்பாடு, அதைத் தூக்கிக் காட்டுவது இன்னொரு முரண்பாடு. முதலாவதைச் செய்தவருக்கு இரண்டாவது எப்படிக் கஷ்டமாகும்? ஆகவே எந்தப் பக்கம் நின்றாலும் கண்ணி இறுகுவதில்லை.

வகுப்பில் செய்வதற்கு ஒரு வழி. கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரையுங்கள். நாலு மூலையுள்ள முக்கோணம் ஒன்றை வரையச் சொல்லிப் பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுங்கள். இரண்டு மூன்று பேர் முயன்று பார்க்கட்டும். பிறகு கேளுங்கள்: சாக்பீஸ் போதவில்லையா, கையில் பலம் இல்லையா, கணக்கு வாத்தியார் வந்தால் வரைந்துவிடுவாரா? குறை வரைகிறவரிடம் இல்லை என்று அவர்களே சொன்ன பிறகு கல்லுக்கு வாருங்கள். முதலிலேயே கல்லைப் பிடித்தால் வகுப்பு பட்டிமன்றமாகிவிடும்.

ஒரு குறுக்குவழியைத் தவிர்த்துவிடுங்கள். “இயேசு குழந்தையாக இருந்தபோது அவரால் தூக்க முடியாத கல் எத்தனையோ இருந்ததே” என்று சிலர் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். கேள்வி கடவுளின் தெய்வ இயல்பைப் பற்றியது; இந்தப் பதிலோ இயேசுவின் மனித இயல்பைப் பற்றியது. புத்தியுள்ள பிள்ளை அடுத்த வாரம் இதைக் கண்டுபிடித்துவிடும்.

கணித உண்மைகளைக்கூடக் கடவுள்தான் விதித்தார், அரசன் சட்டம் போடுவது போல, என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் 1630இல் தம் நண்பர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதங்களில் வாதிட்டார். அப்படியானால் முரண்பாட்டுக்கும் கடவுள் கட்டுப்பட்டவர் அல்ல என்றாகும். சபைகளின் இறையியலார் பெரும்பாலும் இதை ஏற்கவில்லை, காரணமும் உண்டு. முரண்பாடு அனுமதிக்கப்பட்டால், ‘உன்னைக் கைவிடமாட்டேன்’ என்று சொன்னவர் கைவிட்டும் கைவிடாதவராக இருக்கலாம். வல்லமையை உயர்த்தப் போய் வாக்கை இழந்துவிடுவோம்.

கேள்வி: எனக்குப் பொய் சொல்ல முடிகிறது. கடவுளால் முடியாது என்று வேதமே சொல்கிறது. அப்படியானால் ஒரு விஷயத்திலாவது நான் அவரைவிட வல்லவனா?
– வாசகர், சென்னை

பதில்: குறும்புக் கேள்விதான். ஆனால் இறையியலார் அன்செல்ம் 11ஆம் நூற்றாண்டில் நார்மண்டியின் பெக் மடத்தில் இதையே எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். பொய் சொல்ல முடிவது, கெட்டுப்போக முடிவது இவையெல்லாம் வல்லமை அல்ல, வல்லமையின்மை என்பது அவர் முடிவு. ஒருவனுக்கு இது எவ்வளவு முடிகிறதோ, அவ்வளவு தீமைக்கு அவன்மேல் பிடி இருக்கிறது. அவருக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே அகுஸ்தீன் இன்னும் ஒரு படி போனார்: கடவுள் சாக முடியாது, ஏமாற முடியாது, இவை அவரால் முடிந்திருந்தால் அவர் சர்வவல்லவரே அல்ல.

தீத்து 1:2 அவரைப் ‘பொய்யுரையாத தேவன்’ என்கிறது. தம்மைத் தாமே மறுதலிக்கமாட்டார் என்கிறது 2 தீமோத்தேயு 2:13. வெளியிலிருந்து யாரும் அவர் கையைக் கட்டவில்லை. அவர் யார் என்பதிலிருந்து இது வருகிறது.

இதோடு சேர்த்து இன்னொரு ‘முடியாது’ உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறோம். நோவாவுக்கு வாக்குக் கொடுக்கும்வரை மறுபடியும் உலகளாவிய வெள்ளத்தை அனுப்புவது கடவுளின் விருப்பத்துக்கு உட்பட்டது. ஆதியாகமம் 9:11க்குப் பிறகு அனுப்பினால் அது வாக்குத் தவறுதல். நடுக்கால இறையியலார் இதனால்தான் வல்லமையை இரண்டு விதமாகப் பார்த்தார்கள்: எதற்கும் கட்டுப்படாத நிலையில் அவரால் செய்யக்கூடியவை எவை, தாமே தேர்ந்து வாக்களித்த ஒழுங்குக்குள் அவர் செய்பவை எவை. அற்புதம் பற்றிய பாதிச் சண்டைகள் இந்த இரண்டையும் குழப்புவதால் வருபவை.

இயற்கை இப்போது நடக்கிற விதத்தையே கடவுளின் எல்லையாக நினைப்பது எதிர்ப்பக்கத்துத் தவறு. பாரீஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 1277 மார்ச் 7 அன்று 219 கருத்துகளைக் கண்டித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். கடவுளால் ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்களைப் படைக்க முடியாது என்பதும் அவற்றில் ஒன்று. அரிஸ்டாட்டிலின் இயற்பியலில் ஓர் உலகத்துக்குத்தான் இடம் உண்டு என்பதற்காகக் கடவுளுக்கும் அவ்வளவுதான் என்று சொல்லிவிடக் கூடாது என்றார் ஆயர்.

கேள்வி: மகள் பிளஸ் டூ எழுதி முடித்தாள். விடைத்தாள் திருத்தியாகிவிட்டது, மதிப்பெண்ணும் போட்டாயிற்று, முடிவுதான் வரவில்லை. இப்போது நல்ல மார்க்குக்காக ஜெபிப்பதில் அர்த்தம் உண்டா? நடந்து முடிந்ததைச் சர்வவல்லவர் மாற்றுவாரா?
– தாய், மதுரை

பதில்: இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பதில் வேறு வேறு.

நடந்தது நடக்காததாக ஆகுமா என்பது முதலாவது. 384இல் வேத அறிஞர் எரோனிமுஸ் (ஜெரோம்) ஒரு கடிதத்தில், கடவுளால் எல்லாம் கூடும் என்றாலும் கன்னிமை இழந்தவளை மறுபடி கன்னியாக்க அவரால் கூடாது என்று எழுதிவிட்டார். ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து மோந்தே கசீனோ மடத்துச் சாப்பாட்டு மேசையில் அந்த வரி பேச்சில் வந்தது. பேச்சில் இருந்த கர்தினால் பேதுரு தமியானுக்கு அது பிடிக்கவில்லை. கடவுளின் வல்லமையை இப்படிக் குறுக்கலாமா என்று மடாதிபதி தெசிதேரியுஸுக்கு நீண்ட கடிதம் எழுதினார். உடலையும் மனதையும் கடவுளால் பழையபடி ஆக்க முடியும் என்று நிறுவியதோடு நிற்காமல், ரோமாபுரி கட்டப்பட்டதையே கட்டப்படாததாக்கக் கடவுளால் ஆகுமா என்பதுவரை போய்விட்டார். அந்தப் பகுதியில் அவர் சொல்ல வந்தது எதுவரை என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அக்குவினாஸ் இதைச் சுருக்கமாக முடித்தார். இழந்ததைச் சீராக்குவது கடவுளால் ஆகும். இழந்தது நிகழவே இல்லை என்றாக்குவது முரண்பாடு. ஆக, இதுவும் நாலு மூலை முக்கோணத்தின் வகைதான்.

யூத மரபும் இங்கே கறாராக இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போது கூக்குரல் கேட்டவன், “அது என் வீடாக இருக்கக் கூடாதே” என்று ஜெபித்தால் அது வீண் ஜெபம் என்கிறது மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு. கூக்குரல் எழும்பியாயிற்று, வீடு எது என்பதும் தீர்ந்தாயிற்று.

இரண்டாவது கேள்வி: உங்கள் இன்றைய ஜெபம், திருத்துகிற நாளிலேயே கணக்கில் வந்திருக்கலாமா? இதில் முரண்பாடு எதுவும் இல்லை. காலத்துக்கு உட்படாதவருக்கு உங்கள் ஜெபம் முன்கூட்டியே தெரியும். “அவர்கள் கூப்பிடுகிறதற்குமுன்னே நான் மறுஉத்தரவு கொடுப்பேன்” என்பது ஏசாயா 65:24. போட்ட மார்க்கை அழித்து எழுதும்படி கேட்பது ஒன்று. என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாத நிலையில் கேட்பது வேறு. முடிவு தெரிந்த பிறகு இந்த வாசல் மூடிவிடும். அதற்குமேல் ஜெபிக்க வேண்டியது அடுத்த படிப்புக்காக. மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு, அந்தத் தேதியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2004 டிசம்பர் 26 காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் எத்தனையோ யாத்திரிகர்கள் சுனாமியில் போனார்கள். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அற்புதம் என்று இன்றும் சாட்சி சொல்கிறார்கள். சுவரைக் காத்த வல்லமை கரையில் நின்ற பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அந்தச் சாட்சியை அந்த வடிவில் சொல்லாமல் இருப்பதே நல்லது. கோயில் நின்றதற்குச் சர்வவல்லமையைக் காரணம் காட்டுகிறவர், அதே வல்லமையைப் பற்றிக் கரையைக் குறித்தும் பேசக் கடமைப்பட்டவராகிறார். பாதிக் கணக்கு காட்ட முடியாது. பிழைத்தவர் தனக்காக நன்றி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ‘என்னைக் காத்தார், ஏனென்றால்…’ என்று தொடங்கும்போதுதான் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் நெஞ்சில் கத்தி இறங்குகிறது.

இயேசுவிடமே இப்படி ஒரு விபத்து பேச்சுக்கு வந்தது. எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள் (லூக்கா 13:4). அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்கிறார். ஏன் அவர்கள், ஏன் அன்று என்பதற்குக் காரணம் சொல்லவில்லை. கேட்டவர்களை மனந்திரும்பச் சொல்லி நிறுத்துகிறார்.

இனி வாதத்துக்கு வருவோம். தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி 1955இல் இதைக் கூர்மையாக்கினார்: கடவுள் எல்லாம் வல்லவர், கடவுள் முழுக்க நல்லவர், தீமை இருக்கிறது. நல்லவர் தன்னால் முடிந்தமட்டும் தீமையை நீக்குவார், வல்லவருக்கோ முடியாதது இல்லை. ஆகவே மூன்றும் ஒன்றாக நிற்காது என்பது அவர் வாதம். கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா இதற்குச் சுயாதீனத்தைக் கொண்டு பதில் சொன்னார். ஒருவனைச் சுயாதீனமாக நன்மையைத் தேர்ந்துகொள்ளும்படி வற்புறுத்துவது முரண்பாடு, ஆகவே சுயாதீனமுள்ள மனிதர்களைப் படைத்தவர் தீமையே செய்யாத மனிதர்களை உத்தரவாதமாகப் பெற முடியாமல் போகலாம். மூன்று வாக்கியங்களும் ஒன்றாக நிற்க வழி உண்டு என்று காட்ட இது போதும் என்று, நம்பிக்கை இல்லாத தத்துவ அறிஞர்கள் பலரே ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் சுனாமி யாருடைய தேர்வு? சுமத்ரா பக்கம் கடலடித் தட்டு நழுவியது, நிலநடுக்க அளவு 9.1 என்கிறோம். இதற்கு மனிதச் சுயாதீனம் பதிலாகாது. ஒழுங்கான இயற்கை விதிகள் இல்லாமல் வாழ்க்கையே இல்லை, அதே விதிகள்தாம் நிலத்தையும் அசைக்கின்றன என்று சொல்லலாம். பூகம்பம் என்ற ஒன்று ஏன் உலகில் இருக்கிறது என்பதற்கு அது ஓரளவு பதில். அந்தப் பிள்ளை ஏன் என்பதற்குப் பதில் அல்ல. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில், பூசைக்குக் கூட்டம் நிறைந்திருந்த லிஸ்பன் கோயில்கள் நிலநடுக்கத்தில் இடிந்தபோதும் ஐரோப்பா முழுவதும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டது.

மூன்று வாக்கியங்களில் ஒன்றைத் தளர்த்திவிட்டால் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் வைட்ஹெட்டின் தத்துவத்திலிருந்து வளர்ந்த செயல்முறை இறையியல், வல்லமையைத் தளர்த்தியது. அதன்படி கடவுள் வற்புறுத்துவதில்லை, இணங்கவைக்க மட்டுமே முயல்கிறார். அலையை நிறுத்துவது அவர் கையில் இல்லை. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அலையை நிறுத்த முடியாதவர் கல்லறையைத் திறப்பார் என்று எப்படி நம்புவது? நாகப்பட்டினத்துத் தாய்க்கு வேண்டியது பிள்ளை திரும்பக் கிடைப்பது. அதைத் தர வல்லவர் என்பதுதான் உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் சாரம். அந்த வல்லமையை வெட்டிவிட்டுக் கொடுக்கிற ஆறுதல் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

மிஞ்சுவது, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து ஏன் என்று கேட்ட யோபின் வழி. 38 முதல் 41 வரை நாலு அதிகாரம் கடவுள் பேசுகிறார், காரணம் ஒன்றுகூடச் சொல்வதில்லை. “தேவரீர் சகலத்தையும் செய்யவல்லவர்” என்று யோபு 42:2இல் சொல்வது விளக்கம் கிடைத்த பிறகு அல்ல, கிடைக்காமலேயே. காரணங்களை அடுக்கிய மூன்று நண்பர்களையோ கடவுள் 42:7இல் கண்டிக்கிறார். இதை விளக்கம் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் இருக்கிறது, அது நமக்குத் தரப்படவில்லை என்ற நிலைப்பாடு இது, அவ்வளவே.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அந்த நண்பர்கள் செய்ததில் உருப்படியானது ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தது (யோபு 2:13). வாயைத் திறந்தார்கள், கெட்டது. ‘தேவசித்தம்’, ‘நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார்’ போன்றவற்றை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போங்கள். சமைத்த சாப்பாட்டைக் கொண்டுபோகலாம், சான்றிதழுக்கு அலையலாம்.

கேள்வி: எல்லாம் வல்லவர் ஒரு வார்த்தையில் பாவத்தை மன்னித்திருக்கலாமே. சிலுவை எதற்கு?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: 4ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் ஆயர் அத்தனாசியுஸ் இந்த ஆட்சேபத்தை எடுத்துப் பதில் எழுதினார். ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தபோது வார்த்தை போதும், ஏனென்றால் அப்போது எதுவும் இல்லை. இப்போது மனிதன் இருக்கிறான், சாவு அவன் உடலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே நின்று கட்டளையிட்டால் சாவு உள்ளேயே இருக்கும். உடலை ஏற்று உள்ளே வந்துதான் அதைத் துரத்த வேண்டும் என்றார். அழகான பதில்.

வேறு வழியே இல்லையா என்பதில் மேற்கத்தியத் திருச்சபைக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அன்செல்ம் 1098இல் முடித்த நூலில், கடவுளின் நீதியையும் மாண்பையும் வைத்துப் பார்த்தால் இந்த வழி அவசியம் என்றார். அகுஸ்தீனும் அக்குவினாஸும், வேறு வழிகள் கடவுளின் வல்லமைக்கு உட்பட்டவையே, ஆனால் இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றார்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம். எல்லாம் உம்மாலே கூடும் என்று சொல்லித்தான் இயேசுவே சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் பாடுகளின் பாத்திரத்தை எடுத்துப்போடும்படி கேட்கிறார் (மாற்கு 14:36). வல்லமையை அறிக்கையிட்ட அதே ஜெபத்தில் கேட்டது கிடைக்கவில்லை. ‘முடியும்’ என்பதிலிருந்து ‘செய்வார்’ என்று நேராகத் தாவுகிற பிரசங்கங்கள் எல்லாம் இந்த ஒரு வசனத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கேள்வி: மனைவிக்குச் சர்க்கரை. ‘மாத்திரை சாப்பிடுவது கர்த்தருடைய வல்லமையைச் சந்தேகிப்பது’ என்று ஜெபக்குழுவில் சொன்னார்கள் என்று நிறுத்திவிட்டாள். ‘சித்தமானால் குணமாக்கும்’ என்று ஜெபிப்பதும் அவிசுவாசமாம்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இதைப் படித்ததும் முதல் வேலை, மருத்துவரிடம் பேசி மாத்திரையை மறுபடி தொடங்குவது. இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் வகை நோயாளி அதை நிறுத்தினால் சில நாட்களுக்குள்ளேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும். மாத்திரை எடுப்பவருக்கு உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் மோசம். தாகமும் அடிக்கடி சிறுநீரும் திரும்ப வருவதற்குள் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் சேதம் தொடங்கியிருக்கும். இடையில் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுவதைச் சாட்சியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

வேதத்திலிருந்து சொன்னால்தான் கேட்பார் என்றால் 2 இராஜாக்கள் 20ஐ வாசியுங்கள். நோயில் கிடந்த ராஜா எசேக்கியாவுக்கு 15 வருஷம் ஆயுசைக் கூட்டுவேன் என்று கடவுளே வாக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த வசனத்திலேயே அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போடுகிறார்கள், பிழைக்கிறார். புயலில் சிக்கிய பவுலின் கப்பலில் 276 பேர். ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தேவதூதன் சொல்லிவிட்டான். ஆனாலும் மாலுமிகள் படகை இறக்கி நழுவப் பார்த்தபோது, “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்” என்று பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார் (அப்போஸ்தலர் 27:31). வாக்கு உறுதி, மாலுமியும் வேண்டும். வல்லமை வழிவகைகளைத் தள்ளிவிட்டுத்தான் வேலை செய்யும் என்று எங்கும் சொல்லவில்லை. வழிவகையைத் தூக்கியெறிந்துவிட்டு இப்போது காப்பாற்று பார்க்கலாம் என்பது தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவிடம் சொன்ன பிசாசின் யோசனை (மத்தேயு 4:6).

‘சித்தமானால்’ பற்றி. குஷ்டரோகி சொன்னது: “ஆண்டவரே! உமக்குச் சித்தமானால், என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்” (மத்தேயு 8:2). வல்லமையில் அவனுக்குத் துளிச் சந்தேகம் இல்லை, சித்தத்தை அவரிடமே விட்டான். அவன் குணமடைந்தான், கடிந்துகொள்ளப்படவும் இல்லை. ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளையின் முன் நின்ற மூன்று பேரும் எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, “விடுவிக்காமற்போனாலும்” என்று தொடர்கிறார்கள் (தானியேல் 3:17, 18). இதை அவிசுவாசம் என்று சொல்ல யாருக்குத் துணிவு?

அந்தக் குஷ்டரோகிக்கு அடுத்து என்ன சொல்லப்பட்டது? ஆசாரியனிடம் போய்க் காண்பி. லேவியராகமம் 14இல் அந்தப் பரிசோதனை முறை விவரமாக இருக்கிறது. ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து நோய் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். சுத்திகரிப்புச் சடங்குக்குப் பிறகு வந்தவன் உடையைத் துவைத்து, மயிர் முழுவதையும் சிரைத்து, குளிக்க வேண்டும். பாளயத்துக்குள் வரலாம், ஆனால் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும். ஏழாம் நாள் தலை, தாடி, புருவம் உட்பட மறுபடி சிரைத்துக் குளியல், எட்டாம் நாள் பலி. இயேசுவே தொட்டுக் குணமாக்கியவனுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

உங்கள் வீட்டிலும் அதே ஒழுங்கு. குணமானேன் என்று மனைவிக்குத் தோன்றினால் மாத்திரை எடுத்துக்கொண்டே வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்யுங்கள். அளவு குறைந்திருந்தால் மருந்தை மருத்துவர் குறைப்பார், படிப்படியாக. காசநோய் மருந்தும் இப்படித்தான். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம். இருமல் நின்றது என்று இரண்டாம் மாதம் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.

கேள்வி: ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ – இந்த வருஷ வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனம். புதிய தொழில் தொடங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த அட்டையை வைத்துக் கடன் வாங்க வேண்டாம். அந்த வசனம், பிலிப்பியர் 4:13, காவலில் இருந்த பவுல் எழுதியது. அதற்கு முந்தின வசனம் எந்த ‘எல்லாம்’ என்று சொல்லிவிடுகிறது: “திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும்”. தொழில் படுத்தாலும் தாங்கும் பலம் உண்டு என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். கடவுளின் சர்வவல்லமை விசுவாசிக்குக் கைமாறிவிட்டது என்ற போதனை எந்த விசுவாசப் பிரமாணத்திலும் இல்லை. முதலீடு, வாடகை, ஆறு மாதம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்கக் கையிருப்பு, இவற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: யூதாவால் இருப்புரதக்காரரைத் துரத்தக் கூடாமற்போனது (நியாயாதிபதிகள் 1:19), யாக்கோபோடு போராடினவர் அவனை மேற்கொள்ளாதது (ஆதியாகமம் 32:25), நாசரேத்தில் இயேசு வேறொரு அற்புதமும் செய்யக் கூடாமற்போனது (மாற்கு 6:5) – மூன்றுக்கும் சுருக்கமாகப் பதில் தேவை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலாவதில் துரத்த முடியாதது யூதா கோத்திரம். இருப்புரதங்கள் இருந்தாலும் துரத்திவிடுவீர்கள் என்று யோசேப்பு புத்திரரிடம் யோசுவா 17:18இல் சொல்லப்பட்டிருந்தது. நியாயாதிபதிகள் நாலாம் அதிகாரத்திலேயே 900 இருப்புரதங்களோடு வந்த கானானியச் சேனாபதி சிசெரா கீசோன் ஆற்றங்கரையில் முறியடிக்கப்படுகிறான். ரதம் கடவுளுக்குத் தடையாக இருந்திருந்தால் அந்த அதிகாரமே இருந்திருக்காது.

யாக்கோபு விஷயத்தில் அதே வசனத்தின் பின்பாதியைப் பாருங்கள். தொட்ட மாத்திரத்தில் தொடைச்சந்து சுளுக்கிற்று. ஒரு தொடுதலில் முடிக்க வல்லவர் இரவெல்லாம் மல்லுக்கட்டினார் என்றால், அவ்வளவு நேரம் அவன் அளவுக்கு இறங்கி நின்றார் என்பதுதான் பொருள்.

நாசரேத்தில், அந்த வசனமே சில நோயாளிகள்மேல் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்றும் சொல்கிறது. ஆகவே வல்லமை தீர்ந்துபோகவில்லை. இதே நிகழ்ச்சியை மத்தேயு 13:58 எழுதும்போது, அவர்களுடைய அவிசுவாசத்தினிமித்தம் ‘செய்யவில்லை’ என்று வைக்கிறது. நம்பாதவர்கள் நோயாளிகளைக் கொண்டுவரவே இல்லை என்று சில உரையாசிரியர்கள் சொல்வது பொருந்தலாம், ஆனால் மாற்கில் அப்படி எழுதப்படவில்லை. நம்பிக்கை இருந்தால்தான் அவரால் முடியும் என்று இதைப் பொது விதியாக்கவும் இடமில்லை. செத்துக் கல்லறையில் கிடந்த லாசரு எதை நம்பி எழுந்து வந்தான்?